மொழிபெயர்ப்பில் பெயரெச்சம்

நுழையும்முன்

ஒரு பெயரை அடையாளம் காட்டப் பெயர் மட்டுமே போதாத இடங்கள் உண்டு. அங்கு ஒரு தொடரே அடையாக வந்து அப்பெயரைச் சிறப்பிக்கும். தமிழ் இப்பணியைப் பெயரெச்சத்தால் செய்கிறது. ஆங்கிலம் 'ஹூ', 'விச்', 'தட்' முதலிய சொற்களால் செய்கிறது. பணி ஒன்று, வழி இரண்டு. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கருத்தைக் கொண்டுசெல்வோர் இவ்விரு வழிகளின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு வினை, ஆறு பெயர்

'கவிதா மடல் எழுதினாள்' என்பது முற்றுப்பெற்ற தொடர். இதில் உள்ள 'எழுதினாள்' என்னும் முற்றினை 'எழுதிய' என மாற்றினால் பொருள் முடிவடையாது நிற்கும். தன்னை முடித்துவைக்க ஒரு பெயரை அது வேண்டும். எழுதிய மாணவி, எழுதிய மடல், எழுதிய எழுதுகோல், எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய எழுத்து என ஆறு வகைப் பெயர்கள் அதனை முடித்துவைக்கக் கூடும். செய்பவர், செயப்படுபொருள், கருவி, நிலம், காலம், செயல் என்று இலக்கண நூலார் இவற்றை வகுத்துரைப்பர். தொல்காப்பியர் இதனைச் சொல்லதிகாரத்து வினையியலில் கூறுகிறார். அவர் காட்டும் வாய்பாடுகள் 'செய்யும்', 'செய்த' என்னும் இரண்டே. பிற்காலத்து நன்னூலார் 'செய்கின்ற' என்பதையும் சேர்த்து மூன்றாக்கினார். மொழியில் நிகழ்காலத்துக்கெனத் தனி இடைநிலை நிலைபெற்றதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

இந்த ஆறு பெயர்களுக்கும் முன் நிற்கும் சொல் ஒன்றே என்பது உற்றுநோக்கத் தக்கது. 'எழுதிய' என்னும் சொல்லில் எவ்வகை மாற்றமும் இல்லை. எழுதுகோல் தானே எழுதவில்லை, அறையும் எழுதவில்லை, மடல் எழுதப்பட்டது. எனினும் தமிழ் அறிந்த எவரும் இவற்றைக் கேட்டுத் தடுமாறுவதில்லை. பெயரின் பொருளும் தொடரில் உள்ள பிற சொற்களும் உறவைக் காட்டிவிடுகின்றன.

ஆங்கிலத்தில் இவ்வாறு ஒரே சொல் ஆறிடத்தும் பொருந்துவது அரிது. அங்கு உயர்திணைக்கு 'ஹூ', அஃறிணைக்கு 'விச்', உடைமைக்கு 'ஹூஸ்', இடத்துக்கு 'வேர்', காலத்துக்கு 'வென்' எனப் பிரிவு உண்டு. 'தட்' மட்டும் திணை வேறுபாடின்றி இருவகைக்கும் வரும். இச்சொற்கள் முன்னுள்ள பெயரையும் பின்வரும் தொடரையும் தொடர்புபடுத்துவதால் இப்பாடத்தில் இவை தொடர்புச்சொற்கள் எனவும், இவற்றால் தொடங்கும் தொடர் தொடர்புத்தொடர் எனவும் வழங்கப்படும்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிட மொழிகளை வடமொழியினின்றும் பிரித்துக் காட்டும் கூறுகளைத் தொகுத்தபோது, தொடர்புச்சொற்கள் இன்மையையும் அவற்றின் இடத்தில் பெயரெச்சம் ஆளப்படுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சுட்டினார். இல்லாமையைக் குறைபாடாகக் கருதுவதற்கு இடமில்லை. ஒரு விகுதியால் முடியும் செயலுக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை என்பதே அதன் பொருள்.

ஆங்கிலத்துக்கும் இச்சொற்கள் தொடக்கம் முதலே இருந்தவை அல்ல. 'ஹூ', 'விச்' ஆகியவை பழைய ஆங்கிலத்தில் வினாச்சொற்கள். தொடரை இணைக்கும் பணிக்கு அக்காலத்தில் வேறோர் இடைச்சொல்லும் சுட்டுப்பெயர்களுமே பயன்பட்டன. 'தட்' அச்சுட்டின் வழிவந்தது. வினாச்சொற்கள் இப்பணிக்கு வந்தது இடைக்கால ஆங்கிலத்தில்தான். உயர்திணைக்கு 'ஹூ', அஃறிணைக்கு 'விச்' என்னும் இன்றைய வரையறையும் பிற்பட்டதே. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு, கிறித்தவர்கள் நாள்தோறும் சொல்லும் இறைவேண்டலில் இறைவனையே 'விச்' என்னும் சொல்லால் சுட்டுகிறது. இன்று ஒரு மாணவர் அவ்வாறு எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார்.

முன்னும் பின்னும்

தமிழில் அடை முன்னும் பெயர் பின்னுமாக நிற்கும். ஆங்கிலத் தொடர்புத்தொடர் பெயருக்குப் பின்னே வரும். 'நான் வாங்கிய நூல்' என்பது அங்கு 'தி புக் தட் ஐ பாட்' என அமையும். தமிழில் 'நூல்' என்னும் சொல் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்தில் முதலிலேயே வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டிய முதற்பணி, தொடர் விளக்கும் பெயர் எது எனக் கண்டறிவது. அப்பெயரைத் தமிழில் தொடரின் இறுதிக்குக் கொண்டுசென்றுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 'தட்' என்பதை விட்டுவிட்டு 'தி புக் ஐ பாட்' என்றும் ஆங்கிலத்தில் எழுதலாம். தொடர்புச்சொல் செயப்படுபொருளைக் குறிக்கும்போது இது பொருந்தும். எழுவாயைக் குறிக்கும்போது பொருந்தாது. 'தி பாய் ஹூ கேம்' என்பதில் 'ஹூ' நீங்கினால் 'தி பாய் கேம்' என்றாகி, 'வந்த சிறுவன்' என்னும் எச்சத்தொடர் 'சிறுவன் வந்தான்' என்னும் முற்றுத்தொடராக மாறிவிடும். தமிழில் 'வந்த' என்னும் வடிவமே எச்சத்தைக் காட்டுவதால் இக்குழப்பம் எழுவதில்லை. ஆங்கில வினைக்கு அத்தகைய எச்ச வடிவம் இங்கு இல்லை. தொடர்புச்சொல்லே அக்கடமையை ஏற்றிருக்கிறது.

மறையும் உருபு

தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளுள் மிகுதியும் காணப்படுவது ஒன்றுண்டு. 'நான் வாழும் வீடு' என்பதை 'தி ஹவுஸ் ஐ லிவ்' என எழுதுவர். 'அவள் எழுதிய எழுதுகோல்' என்பதை 'தி பென் ஷி ரோட்' என்பர். இவ்விரண்டும் பிழை. பின்னது, எழுதுகோலையே அவள் எழுதி உருவாக்கினாள் என்னும் நகைப்புக்குரிய பொருளைத் தரும். இப்பிழை கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. அதற்குத் தாய்மொழியில் ஒரு காரணம் உண்டு.

'அவள் எழுதுகோலால் எழுதினாள்' என்னும் தொடரில் 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு இருக்கிறது. அதைப் பெயரெச்சத் தொடராக மாற்றும்போது 'அவள் எழுதிய எழுதுகோல்' என அமைகிறது. உருபு எங்கே? அது மறைந்துவிட்டது. 'நான் வீட்டில் வாழ்கிறேன்' என்பது 'நான் வாழும் வீடு' ஆகும்போது 'இல்' என்னும் உருபு மறைகிறது. 'ஆசிரியர் மாணவிக்குப் பரிசு கொடுத்தார்' என்பது 'ஆசிரியர் பரிசு கொடுத்த மாணவி' ஆகும்போது 'கு' மறைகிறது. பெயரெச்சத்தைக் கொண்டு முடியும் பெயர், எச்சவினையோடு தனக்குள்ள வேற்றுமை உறவை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. இது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தின் இயல்பு இதற்கு மாறானது. அங்கு வேற்றுமைப் பொருளைத் தரும் 'இன்', 'வித்', 'டு', 'ஃப்ரம்' போன்ற முன்னிடைச்சொற்கள் தொடர்புத்தொடரிலும் எஞ்சி நிற்க வேண்டும். 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்றோ, 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்' என்றோ எழுதுதல் முறை. 'தி ஹவுஸ் வேர் ஐ லிவ்' என்பதும் சரி. 'வேர்' என்னும் சொல்லிலேயே இடப்பொருள் அடங்கியிருப்பதால் அங்கு 'இன்' வேண்டியதில்லை. முன்னிடைச்சொல்லை அடுத்து 'விச்', 'ஹூம்' ஆகியவை வரலாம், 'தட்' வரலாகாது. 'இன் தட் ஐ லிவ்' என எழுதுவது வழு.

ஆங்கிலத்தில் எழுதி முடித்தபின் இதனைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றுண்டு. எச்சத்தொடரை மீண்டும் முற்றுத்தொடராக்கிப் பார்த்தல் வேண்டும். 'நான் பேசிய நண்பர்' என்பதை 'நான் நண்பரோடு பேசினேன்' என விரித்தால் மறைந்த 'ஓடு' வெளிப்படும். அவ்வுருபுக்குரிய ஆங்கிலச் சொல் தொடரில் இருக்கிறதா எனப் பார்த்தால் போதும்.

உருபு மறைவதால் தமிழில் சொற்சுருக்கம் கிடைக்கிறது. அதற்குரிய விலையும் உண்டு. 'நான் வந்த ஊர்' என்பது எந்த ஊர்? நான் வந்து சேர்ந்த ஊரா, எந்த ஊரிலிருந்து புறப்பட்டேனோ அந்த ஊரா? 'கு' மறைந்ததா, 'இலிருந்து' மறைந்ததா என்பதைத் தொடர் காட்டவில்லை. ஆங்கிலத்தில் 'டு', 'ஃப்ரம்' என்னும் சொற்களுள் ஒன்று கட்டாயம் இருக்கும் ஆதலால் ஐயம் எழாது. மருத்துவமனைப் பதிவேட்டில் 'நோயாளி வந்த ஊர்' என எழுதப்பட்டால், தொற்று எங்கிருந்து வந்தது எனத் தேடுவோர்க்கு அச்சொல் பயன்படாது. 'நோயாளி புறப்பட்ட ஊர்' என வினையை மாற்றி எழுதினால் குழப்பம் நீங்கும். உருபை மீட்க இயலாத இடத்தில் வினையை மாற்றுவதே தமிழ்நெறி.

ஐயத்துக்கு இடந்தரும் தொடர்களைப் பழைய இலக்கணத்தார் அறியாதவர் அல்லர். 'புலி கொல் யானை' என்பது உரைநூல்களில் வழங்கும் எடுத்துக்காட்டு. புலியைக் கொன்றது யானையா, யானையைக் கொன்றது புலியா என்பது இடம் நோக்கியே துணியப்படும். உருபை வெளிப்படுத்தி, 'புலியைக் கொன்ற யானை' என்றால் ஒரு பொருளே நிற்கும். செய்யுளில் தொகைக்கு இடம் உண்டு. செய்தியிலும் ஆணையிலும் உருபை விரித்து எழுதுவதே கடமை.

எல்லா உறவுகளையும் பெயரெச்சம் ஏற்குமா? 1977இல் எட்வர்டு கீனன், பெர்னார்டு காம்ரி என்னும் மொழியியலார் இருவர், ஏறத்தாழ ஐம்பது மொழிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். எழுவாய், செயப்படுபொருள், கோடற்பொருள், ஏனைய வேற்றுமைப் பொருள்கள், உடைமை, ஒப்புப்பொருள் என ஒரு படிவரிசையை அவர்கள் அமைத்தனர். எழுவாயை இத்தகைய தொடரால் விளக்குவது மொழிகளுக்கு எளிது. படிகளில் இறங்க இறங்க அது அரிதாகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆங்கிலம் கடைசிப் படிவரை செல்லவல்லது. 'எவரைவிட நான் உயரமோ அவர்' என்னும் பொருளில் அங்கு ஒரு தொடர்புத்தொடர் அமைக்க முடியும். தமிழில் 'நான் உயரமான மாணவி' என்றால் 'விட' என்னும் சொல் மறைந்து பொருளே கெடும். 'அந்த மாணவியைவிட நான் உயரம்' எனத் தனித்தொடராக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

உடைமைப் பொருளில் தமிழ் நடுவழியில் நிற்கிறது. 'வீடு இடிந்த மூதாட்டி' என்றால் மூதாட்டியின் வீடு இடிந்தது என எவரும் உணர்வர். 'கால் ஒடிந்த நாற்காலி' போன்றவையும் இயல்பானவையே. ஆனால், 'எவருடைய நூலை நான் படித்தேனோ அந்த எழுத்தாளர்' என்னும் பொருளில் 'நூலை நான் படித்த எழுத்தாளர்' என எழுதினால் செவிக்கு இசையாது. இங்கு ஆங்கிலத்தின் 'ஹூஸ்' என்னும் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடி அலைவதினும், தொடரைத் திருப்பி அமைப்பது மேல். 'நான் படித்த நூலின் ஆசிரியர்' என்றால் முடிந்தது. பெயரெச்சம் எழுத்தாளரை விட்டு நூலைச் சேர்ந்தது; ஆறாம் வேற்றுமை எஞ்சிய உறவைக் காட்டியது. நல்ல மொழிபெயர்ப்பாளர் சொல்லைப் பெயர்ப்பதைவிட உறவைப் பெயர்ப்பதில் கருத்தூன்றுவார்.

ஒரு காற்புள்ளியின் பொறுப்பு

ஆங்கிலத் தொடர்புத்தொடர் இருவகைப்படும். ஒன்று, பலவற்றுள் இன்னது எனப் பிரித்துக் காட்டுவது. மற்றொன்று, முன்பே தெரிந்த ஒன்றைப் பற்றிக் கூடுதல் செய்தி தருவது. முன்னதற்குக் காற்புள்ளி இல்லை. பின்னதைக் காற்புள்ளிகள் சூழ்ந்து நிற்கும். ஒலிக்கும்போதும் பின்னதற்குச் சிறு இடைநிறுத்தம் உண்டு.

வெள்ளக்காலத்தில் ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் ஒட்டப்படும் அறிவிப்பைக் கருதிப் பார்க்கலாம். 'தி ஹவுசஸ் விச் ஆர் அன்சேஃப் மஸ்ட் பி வெகேட்டட்' என்று காற்புள்ளியின்றி எழுதினால், தெருவில் உள்ள வீடுகளுள் பாதுகாப்பற்றவற்றை மட்டும் காலி செய்தல் வேண்டும் என்று பொருள். 'தி ஹவுசஸ்' என்பதை அடுத்தும் 'அன்சேஃப்' என்பதை அடுத்தும் காற்புள்ளி இட்டால், வீடுகள் அனைத்துமே பாதுகாப்பற்றவை, அனைவரும் வெளியேற வேண்டும் என்று பொருள். சொற்களில் மாற்றமில்லை. வேறுபாடு இரண்டு காற்புள்ளிகளில் அடங்கியுள்ளது.

இவ்விரண்டையும் 'பாதுகாப்பற்ற வீடுகளைக் காலி செய்ய வேண்டும்' என ஒரே தமிழ்த்தொடரால் பெயர்த்துவிட்டால் என்ன நேரும்? முதல் அறிவிப்புக்கு அது சரியான மொழிபெயர்ப்பு. இரண்டாவதற்கு அது கேடு விளைக்கும் மொழிபெயர்ப்பு. தன் வீட்டுச் சுவரில் விரிசல் இல்லை என நம்பும் ஒருவர், அறிவிப்பு தமக்கு உரியது அன்று எனக் கருதி அங்கேயே தங்கிவிடுவார். வெளியேறச் சொன்ன ஆங்கில ஆணை, தமிழில் தங்கச் சொல்லும் ஆணையாகிவிடும். இரண்டாம் வகையைத் தமிழாக்கும்போது பெயரெச்சத்தைக் கைவிட்டு, தொடரை இரண்டாகப் பிரிப்பதே பாதுகாப்பானது: 'இத்தெருவில் உள்ள வீடுகள் அனைத்தும் பாதுகாப்பற்றவை. அவற்றை உடனே காலி செய்ய வேண்டும்.' 'அனைத்தும்' என்னும் முற்றும்மை, ஆங்கிலக் காற்புள்ளி செய்த பணியைச் செய்கிறது.

தமிழ்ப் பெயரெச்சம் இரு வகைக்கும் பொதுவானது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். 'ஒளி தரும் ஞாயிறு' என்பதில் பெயரெச்சம் கூடுதல் செய்தியே தருகிறது. ஒளி தராத ஞாயிறு ஒன்று இல்லை. 'ஒளி தரும் விளக்கை எடுத்து வா' என்றால் எரியாத விளக்குகளினின்று பிரித்துக் காட்டுகிறது. உலகில் ஒன்றேயான பொருளாயின் ஐயமில்லை. 'மதுரையில் வாழும் என் அண்ணன்' என்றாலோ, அண்ணன் ஒருவரா பலரா என்பதைத் தொடர் சொல்லவில்லை. கடித மொழிபெயர்ப்பில் இது பெரிதன்று. சொத்துப் பத்திரத்தில் பெரிது.

கூடுதல் செய்தி தரும் தொடரில் ஆங்கிலத்தார் 'தட்' என்பதைப் பெரும்பாலும் ஆள்வதில்லை. பிரித்துக் காட்டும் தொடரில் 'தட்', 'விச்' இரண்டும் வருவதுண்டு. முன்னதற்கு 'விச்', பின்னதற்குத் 'தட்' எனப் பங்கிட்டுக்கொண்டால் தெளிவு கூடும் என்று பவுலர் என்னும் அகராதியியலார் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு நூலில் பரிந்துரைத்தார். அமெரிக்க நடைக் கையேடுகள் பல அதை ஏற்றன. பிரித்தானிய எழுத்தாளர் பலர் இன்றும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, 'விச்' என்னும் சொல்லை மட்டும் கண்டு வகையைத் துணிதல் கூடாது. காற்புள்ளியை நோக்குதல் வேண்டும்.

'தட்' ஒன்று, தமிழில் இரண்டு

'தி நியூஸ் தட் ஹி பிராட்' என்பதும், 'தி நியூஸ் தட் ஹி டைட்' என்பதும் பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். முதலாவது, அவர் கொண்டுவந்த செய்தி. இரண்டாவது, அவர் இறந்தார் என்ற செய்தி. முன்னதில் செய்தி என்பது கொண்டுவருதலுக்குச் செயப்படுபொருள். ஆகவே வெறும் பெயரெச்சம் போதும். பின்னதில் இறந்தார் என்பதே செய்தி. செய்திக்கும் இறத்தலுக்கும் வேற்றுமை உறவு ஏதுமில்லை. இத்தகைய இடத்தில் தமிழ் முற்றுத்தொடரை அப்படியே வைத்து, அதனோடு 'என்ற' அல்லது 'என்னும்' என்பதைச் சேர்க்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் அடியில் மறைந்துகிடக்கும் வேறுபாட்டைத் தமிழ் இங்கு வெளிக்கொணர்கிறது. 'தட்' வரும் இடத்திலெல்லாம் 'என்ற' என எழுதும் பழக்கம் உடையோர், 'அவர் கொண்டுவந்தார் என்ற செய்தி' என எழுதிப் பொருளைத் திரித்துவிடுவர். அத்தொடருக்கு அவர் எதையோ கொண்டுவந்தார் என்பதே செய்தி என்று பொருள்.

காலமும் எதிர்மறையும்

'செய்யும்' என்னும் வாய்பாடு நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொது. 'மாலையில் வரும் தொடர்வண்டி' என்பது நாள்தோறும் வருவதையும் குறிக்கும். இன்று வரவிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலமாக்கும்போது இரண்டுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும்.

எதிர்மறைப் பெயரெச்சம் இன்னும் நுட்பமானது. 'செலுத்தாத' என்னும் சொல்லில் கால இடைநிலை இல்லை. அது முக்காலத்துக்கும் பொதுவாய் நிற்கும். 'கட்டணம் செலுத்தாத மாணவர் தேர்வெழுத இயலாது' என்னும் அறிவிப்பைப் படிக்கும் மாணவர், நாளை செலுத்தலாமா, இன்றோடு கதவு மூடப்பட்டதா என அறியாது கலங்குவார். ஆங்கில மூலத்தில் 'ஹேவ் நாட் பெய்ட்' என்று இருந்தால் 'இதுவரை செலுத்தாத' எனவும், 'டு நாட் பே' என்று ஒரு நாளும் குறிக்கப்பட்டிருந்தால் 'குறித்த நாளுக்குள் செலுத்தாத' எனவும் காலத்தைச் சொல்லால் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வினைவடிவம் காட்டாத காலத்தை வேறொரு சொல் காட்டட்டும் என்று விடுவது தமிழில் இயல்பே.

எவர், அவர்

தமிழில் தொடர்புச்சொல்லை ஒத்த அமைப்பு அறவே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 'எவர் உழைக்கிறாரோ அவர் உயர்வார்' என்பது போன்ற தொடர்கள் வழக்கில் உள்ளன. ஒரு வினாச்சொல், வினைமுற்றின் இறுதியில் ஓகாரம், அதற்கு இணையான ஒரு சுட்டுச்சொல் என இது அமையும். எவரென வரையறுக்கப்படாத ஒருவரைப் பற்றிய பொதுவுண்மைக்கும் விதிக்கும் இவ்வமைப்பு பொருந்தும். 'எந்த நூல் மேசைமேல் இருக்கிறதோ அந்த நூலை எடு' எனக் குறித்த ஒரு பொருளுக்கு ஆள்வது, ஆங்கிலத்தையோ வடமொழியையோ அடியொற்றிய செயற்கை நடையாகும். 'மேசைமேல் இருக்கும் நூலை எடு' என்பதில் அதைவிடக் குறைந்த சொற்களே உள்ளன. பொருள் ஒரு துளியும் குறையவில்லை.

உண்மையில், 'எவர்... அவர்' என்னும் இரு சொற்களுக்கும் தேவையின்றியே தமிழ் இதைச் சொல்லவல்லது. 'உழைப்பவர் உயர்வார்' என்றால் போதும். பெயரெச்சமும் அதனைக் கொண்டு முடிய வேண்டிய பெயரும் இங்கு ஒரே சொல்லாகத் திரண்டு, வினையாலணையும் பெயராக நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'ஹி ஹூ', 'தோஸ் ஹூ' எனத் தொடங்கும் தொடர்கள் பலவற்றுக்கும் இதுவே ஏற்ற வடிவம். வந்தவர், வாராதவர், கேட்டவை, காணாதவை எனத் திணை, பால், எண், காலம், எதிர்மறை அனைத்தையும் அது தன்னுள் அடக்கிக்கொள்ளும். சட்டத் தமிழிலும் ஆட்சித் தமிழிலும் இவ்வடிவத்தின் பயன் பெரிது. 'எந்த நபர் விண்ணப்பிக்கிறாரோ அந்த நபர்' என எழுதித் தாளை நிரப்புவதினும் 'விண்ணப்பிப்பவர்' என்பது தெளிவு.

நீளும் தொடர்

ஆங்கிலத் தொடர் வலப்புறமாக வளரும். ஒரு பெயருக்குப் பின் ஒரு தொடர்புத்தொடர், அதில் உள்ள பெயருக்குப் பின் மற்றொன்று என அடுக்கினாலும், படிப்பவர் முதலிலேயே தலைமைப் பெயரைப் பெற்றுவிடுவதால் களைப்படைவதில்லை. அதை அப்படியே தமிழாக்கினால், 'நேற்று நகரிலிருந்து வந்த அலுவலர் கொண்டுவந்த ஆணையில் குறிப்பிடப்பட்டிருந்த சிற்றூரில் இயங்கிவந்த பள்ளி' என்றாகும். 'பள்ளி' என்னும் சொல் வரும்வரை படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இலக்கண வழு ஏதுமில்லை. எனினும் இது நல்ல தமிழன்று. 'நேற்று நகரிலிருந்து ஓர் அலுவலர் ஆணையுடன் வந்தார். அதில் ஒரு சிற்றூர் குறிப்பிடப்பட்டிருந்தது. அவ்வூரில் இயங்கிவந்த பள்ளி...' எனப் பகுத்தெழுதலாம். ஒரு பெயருக்கு இரண்டு பெயரெச்சங்களுக்கு மேல் சேரும்போதே எழுதுகோலை நிறுத்திச் சிந்திப்பது நன்று.

பெயரெச்சம் எப்பெயரைச் சாரும் என்பதிலும் விழிப்பு வேண்டும். 'சென்னையிலிருந்து வந்த ஆசிரியரின் மகள்' என்றால் வந்தவர் யார்? ஆசிரியரா, மகளா? வந்தவர் மகளாயின் 'ஆசிரியரின் மகள் சென்னையிலிருந்து வந்தவர்' என்றோ, 'சென்னையிலிருந்து வந்தவரான, ஆசிரியரின் மகள்' என்றோ அமைக்கலாம். முன்னதே கேட்க இனியது. ஆங்கிலத்திலும் இதே இடர் உண்டு. அங்கு தொடர்புத்தொடர் தனக்கு அண்மையில் உள்ள பெயரைச் சாரும் எனப் பெரும்பாலும் கொள்ளப்படும்.

எழுதும்போது வரும் சந்திப்பிழை ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். பெயரெச்சத்தை அடுத்து வல்லினம் மிகாது. படித்த பாடம், வந்த தம்பி, ஓடாத குதிரை என எழுதுக. 'படித்தப் பாடம்' என்பது பிழை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் மட்டும் விலக்கு: ஓடாக் குதிரை, வாடாப் பூ என அங்கு மிகும். 'ஓடாத' என்பதில் 'த' நீங்கியவுடன் வல்லினம் வந்து அவ்விடத்தை நிரப்புகிறது என நினைவிற் கொண்டால் மறக்காது.

கற்பவை கற்றபின்

'கொடுத்த' என்னும் பெயரெச்சத்தைக் கொண்டு முடியும் பெயர்களாக ஆசிரியர், மாணவி, பரிசு, நாள், அரங்கம் ஆகியவற்றை அமைத்து ஐந்து தொடர்கள் எழுதுக. ஒவ்வொன்றிலும் மறைந்துள்ள உருபு உண்டாயின் அதனை வெளிப்படுத்தி முற்றுத்தொடராக்குக. பின்னர் ஐந்தனையும் ஆங்கிலத்தில் எழுதி, அவ்வுருபுகளுக்கு உரிய சொற்கள் எங்கு நிற்கின்றன எனக் காட்டுக.

பள்ளி, அஞ்சலகம், தொடர்வண்டி நிலையம் ஆகிய இடங்களில் இருமொழியில் உள்ள அறிவிப்புகள் சிலவற்றைப் படியெடுத்து வருக. ஆங்கிலத் தொடர்புத்தொடர் தமிழில் எவ்வாறு அமைந்துள்ளது, இரண்டும் ஒரே மக்களைத்தான் சுட்டுகின்றனவா என வகுப்பில் கலந்துரையாடுக.

'வங்கி கடன் கொடுத்த உழவர்', 'உழவர் கடன் கொடுத்த வங்கி' ஆகிய தொடர்களில் கடன் பெற்றவர் யார் என விளக்குக. இரண்டாம் தொடர் எழுப்பும் ஐயத்தை நீக்கித் திருத்தி எழுதுக.